முதல் மேல வந்த மீன்

அக்கா எங்கட வீட்டுக்கு வந்து ஒன்பதாம் நாள் காலமை அவவைக் கூரைக்குக் கீழ கட்டின லொஃப்ட் அறையில காணேல்லை. கட்டில் விரிச்சது விரிச்சபடி கிடக்கு. தலகணியில ஒரு மடிப்பும் இல்லை. குளியலறை, குசினி, பின்பக்கத் தோட்டம் எல்லாம் பாத்தன். லண்டனில மிச்சம் எண்ட இந்த இடத்தில எங்கட தெருவைத் தவிர வேற தெரு தெரியாத மனுசி, பாசையும் தெரியாது, எங்க போயிருப்பா? என்ர மனுசன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு தேட வெளிக்கிட்டிட்டார். வெளியில தூறல். குடையை எடுத்துக் குடுப்பம் எண்டு படிக்குக் கீழ இருக்கிற சாமான் அறையைத் திறந்தன். அரிசி மூட்டைக்கும் வக்யூம் கிளீனருக்கும் நடுவில, முழங்காலைக் கட்டிக்கொண்டு, அக்கா இருக்கிறா.

"இஞ்ச என்ன செய்யிறியள்?"

"இது நல்லாக் கிடக்கு," எண்டா.

எனக்கு அழுகை வந்திருக்க வேணும். வந்தது கோவம். எனக்கு எப்பவும் அப்பிடித்தான், பயந்தாலும் கோவம், கவலைப்பட்டாலும் கோவம். "அக்கா, மேல மாளிகை மாதிரி அறை கட்டி வைச்சிருக்கிறன். நீங்கள் வெங்காயத்தோட வந்து இருக்கிறியள்," எண்டு கத்தினன். என்ர சத்தம் கேட்டுத் திரும்பி வந்த மனுசன் நனைஞ்ச தலையோட வாசலில நிண்டு பாத்துக்கொண்டிருந்தார்.

லண்டனில எங்கட ஆக்கள் வீடு வாங்கினால் அடுத்த வேலை லொஃப்ட் கட்டிறதுதான். நாங்கள் கனகாலம் கட்டேல்லை. அக்காவுக்கு விசா சரிவந்த பிறகுதான், அவவுக்கெண்டே கட்டினது. மூத்தவைக்கு வீட்டில நல்ல இடத்தைக் குடுக்கிறது எங்கட வழக்கம். அதால வீட்டின்ர ஆக உச்சியில, சத்தம் சந்தடி இல்லாமல், தனி அறை. சுவரெல்லாம் வெள்ளை. கூரையில பெரிய கண்ணாடி யன்னல், படுத்துக் கிடந்தால் வானம் முழுக்கத் தெரியும். ஹீத்ரோவுக்கு இறங்கிற பிளேன் ஒண்டுக்குப் பின்னால ஒண்டாப் போறதும் தெரியும். வடிவா இருக்கும் எண்டு நினைச்சன். எவ்வளவு மடைச்சி நான்.

அக்கா எனக்கு ஒன்பது வயசு மூத்தவ. எனக்குத் தலை இழுத்துப் பின்னிப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போனது அவதான். நான் இஞ்சால வந்தன், அவ கலியாணம் கட்டிக் கிளிநொச்சிப் பக்கம் போனா. அத்தான் வருத்தத்தில போய்ச் சேர்ந்திட்டார். ஒரே ஒரு மகள். கடைசிச் சண்டையில ஷெல் விழுந்து அந்தப் பிள்ளையும் போயிட்டுது. அப்ப அதுக்குப் பத்தொன்பது வயசு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். முகாமில இருந்து அக்கா ரெலிபோனில சொன்னது அந்த ஒரு வசனம்தான். பிறகு நானும் கேட்கேல்லை, அவவும் சொல்லேல்லை. கேட்டால் புண்ணைக் கிளறினது மாதிரி எண்டு நாங்கள் எல்லாரும் கேட்காமல் விடுகிறதில கெட்டிக்காரர்.

இவ்வளவு வருசத்துக்குப் பிறகு அவ இஞ்ச வந்து சேர்ந்த அண்டைக்கு நான் மனசுக்குள்ள ஒரு நேர்த்தி வைச்சன். அக்காவை மேல கொண்டுவந்து, வெளிச்சத்தில இருத்தி, வாய்விட்டுச் சிரிக்க வைக்க வேணும். அதைச் செய்யாட்டி நான் தப்பி வந்ததுக்கு என்ன அர்த்தம். அவவோ படிக்குக் கீழ போனவ போனவதான். அங்கதான் சாப்பாடு, அங்கதான் படுக்கை. ஆளும் நாளுக்கு நாள் வத்திக்கொண்டு போறா. அந்த இருட்டுக்குள்ளயே இவ முடிஞ்சு போயிடுவாவோ எண்டு எனக்குப் பயம் பிடிச்சிட்டுது.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் எண்டுவினம்," எண்டு மனுசன் ஒருநாள் சொன்னார். "உம்மட அக்காவுக்கு வெளிச்சமெல்லாம் பேய்." பகிடிக்குத்தான் சொன்னவர். நான் அவரோட இரண்டு நாள் கதைக்கேல்லை.

இனி என்ர வேலையைச் சொல்ல வேணும். சொன்னால் ஆக்கள் சிரிப்பினம். ஒரு பல்கலைக்கழகத்தில, நிலத்துக்குக் கீழ இருக்கிற ஒரு பெரிய அறையில, நான் மீன் பாக்கிறன். சமைக்கிற மீன் இல்லை. நீல வரி போட்ட, சின்னி விரல் அளவுகூட இல்லாத மீன்கள். தட்டுத் தட்டாத் தொட்டியள். தீன் போடுறது, தண்ணி பாக்கிறது, தொட்டி கழுவிறது. ஊரில நான் படிச்ச விலங்கியல் இவ்வளவுக்குத்தான் உதவினது. அதோட, அங்க ஆராய்ச்சி செய்யிற டாக்டர் ஒருத்தி இருக்கிறா, என்ர வயசில பாதி, நல்ல பிள்ளை. மீனுக்குப் பயம் எப்பிடி வருது, எப்பிடிப் போகுது எண்டு பாக்கிறதுதான் அவவின்ர வேலை. அதுக்குக் கைவேலை செய்யிறது நான்.

சோதினை லேசானது. மீனைப் பிடிச்சு, அது முந்திக் காணாத ஒரு புதுத் தொட்டியில விட வேணும். விட்ட உடனை அது நேர அடிக்குப் போகும். அங்க அசையாமல் கிடக்கும், இல்லாட்டி அடியோட ஒட்டி அங்கயும் இஞ்சயும் ஓடும். தொட்டியின்ர நடுவில ஒரு கோடு கீறியிருக்கு. எவ்வளவு நேரத்தில மீன் அந்தக் கோட்டைத் தாண்டி மேல வருது எண்டு பாக்கிறம். கமரா படம் பிடிக்கும், நானும் கையில மணிக்கூட்டை வைச்சுத் தாளில எழுத வேணும். கெதியா மேல வந்தால் பயம் தெளிஞ்ச மீன். வராமல் கிடந்தால் பயந்த மீன்.

அதிலயும் எல்லாம் இடத்தைப் பொறுத்தது. அடியில வெறும் வெள்ளையா இருந்தால் கனநேரம் கிடக்கும். கூழாங்கல் படம் ஒண்டைத் தொட்டிக்குக் கீழ செருகிவிட்டால், அது வெறும் படம்தான், இருந்தாலும் முந்தியே மேல வரும். மேல இருந்து லைற் பளிச்செண்டு அடிச்சால் வராது. தனிய விட்டால் வராது, கண்ணாடிக்கு அங்கால இன்னொரு மீன் தெரிஞ்சால் வரும். பக்கத்துக் காணியில கட்டிடம் எழுப்பினவங்கள் நிலத்தில தூண் அடிச்ச மாதம், எங்கட மீன் எல்லாம் முட்டை இடுறதையே நிப்பாட்டிட்டுதுகள். எங்கட காதுக்கு ஒரு சத்தமும் கேட்கேல்லை. கண்ணாடியில கை வைச்சால் மெல்லிசா அதிரும், அவ்வளவுதான்.

எல்லாத்திலயும் பொல்லாதது இன்னொண்டு. வலை பட்டு ஒரு மீன்ர தோல் உரிஞ்சால் அதில இருந்து என்னவோ ஒண்டு தண்ணியில கலக்குமாம். அந்தத் தண்ணி கொஞ்சம் பட்டால் போதும், காயப்பட்ட மீனை ஒருக்காலும் காணாத மீன்களும் அடிக்கு ஓடும். அதுகளுக்கு ஆருக்கு என்ன நடந்ததெண்டு தெரியாது. நடந்திட்டுது எண்டது மட்டும் தெரியும். அந்தச் சோதினை நாளுகளில நான் வீட்டை வந்து கையைத் திருப்பித் திருப்பிக் கழுவுவன்.

அக்காவைப் படிக்குக் கீழ கண்ட பிறகு எனக்கு வேலையில ஒரு மீனையும் சும்மா பாக்க ஏலாமல் போச்சு. வெள்ளைச் சுவர், மேல வெளிச்சம், தனிமை, நிக்காத பிளேன் சத்தம். நான் அக்காவுக்குக் கட்டினது அறை இல்லை, ஆகக் கூடாத சோதினைத் தொட்டி. நெத்தியில அடிச்சுக்கொண்டன்.

அடுத்த சனிக்கிழமையே வேலையைத் தொடங்கினன். கூரை யன்னலுக்குக் கறுப்புத் திரை போட்டன். நிலத்துக்கு மண் நிறத்தில கம்பளம் விரிச்சன். தமிழ் றேடியோ ஒண்டு வைச்சன். கடைசியா மனுசனைக் கூப்பிட்டு அரிசி மூட்டையை மேல கொண்டுபோய் வையுங்கோ எண்டன். மூண்டு தட்டுப் படி. "சோறு காய்ச்சிறதுக்கு மொட்டைமாடிக்கு ஏறின குடும்பம் மிச்சம் ஊரிலயே நாங்கள்தான்," எண்டு முணுமுணுத்துக்கொண்டு தூக்கினார் பாவம். பிறகு நான் அக்காவைக் கைபிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனன். கட்டில் ஓரத்தில இருந்தா. றேடியோவில ஆரோ வீடு விக்கிற விளம்பரம் சொல்லுறான். நான் என்னை அறியாமல் சுவர் மணிக்கூட்டைப் பாத்தன். பதினொரு நிமிசம். பிறகு அவ மெல்ல எழும்பி, என்ர தோளில ஒருக்காத் தட்டிப்போட்டு, கீழ இறங்கிப் போனா. சொந்த அக்காவுக்கு நான் நேரம் பிடிச்சிருக்கிறன். அதை நினைக்க எனக்கு இப்பவும் வெக்கமாக் கிடக்கு.

இதுக்கிடையில வடக்கு லண்டன் எட்மண்டனில சொந்தக்காரரின்ர பிள்ளை பெரியபிள்ளையானதுக்கு ஒரு சாமத்தியவீடு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அலுமாரியைத் திறந்து சாறியளைக் கட்டிலில பரப்பிக்கொண்டு இருந்தன். அக்காவும் வந்து பக்கத்தில நிண்டா. சாறி எண்டால் அவவுக்கும் ஆசைதான். எங்கட ஆக்களிட்ட ஒரு பழக்கம் இருக்கு. ஆருக்கு என்ன சாறி குடுத்தம் எண்டதைச் சாகும்வரைக்கும் மறக்கமாட்டம். கொண்டாட்டத்தில காணாட்டிக் கேட்டும் போடுவம். நானும் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கிற பிறவியோ? "அக்கா, நான் அனுப்பின அந்த மாம்பழக் கலர் பட்டு எங்க? கரை பச்சை. ஒருநாளும் நீங்கள் உடுத்துப் படம் அனுப்பேல்லையே," எண்டு கேட்டன்.

அக்கா என்ர சாறி ஒண்டின்ர தலைப்பை மடிச்சு மடிச்சு வைச்சா. "அது மண் மூட்டையாப் போச்சு, பிள்ளை," எண்டா.

எனக்கு விளங்கேல்லை. அவ பொறுமையாச் சொன்னா. ஷெல்லுக்கு ஒளிய எல்லாரும் நிலத்தில பங்கர் வெட்டினது. சுத்திவர அடுக்க மண் மூட்டை வேணும், சாக்கு ஒண்டும் இல்லை. அதால வீட்டில இருந்த சாறியளை வெட்டித் தைச்சு, மண் நிரப்பி அடுக்கினவையாம். கூறைச் சீலையையும் விடேல்லையாம். "உன்ர பட்டு நல்ல கெட்டி. அதை வாசலில வைச்சனான். கடைசிவரைக்கும் கிழியேல்லை," எண்டா. என்ர தெரிவை மெச்சிற மாதிரித்தான் சொன்னா. நான் எழும்பிக் குசினிக்குப் போய்த் தண்ணியைத் திறந்துவிட்டிட்டு அழுதன். அண்டைக்கு அக்கா என்ர பழஞ்சாறி இரண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு படிக்குக் கீழ போனா. விரிச்சுப் படுக்கிறதுக்கு எண்டா.

வேலைத்தலத்தில வருசத்தில ஒருநாள் வீட்டு ஆக்களைக் கூட்டிக்கொண்டு வரலாம். அக்கா வாசல் படி தாண்டமாட்டா எண்டு தெரிஞ்சும் ஒரு வாய்ப்பேச்சுக்குக் கேட்டன்.

"எங்க உன்ர மீன் இருக்கிறது?"

"நிலத்துக்குக் கீழ."

"அப்ப வாறன்," எண்டா.

சிரிக்கிறதோ அழுகிறதோ எண்டு தெரியேல்லை. ட்ராமில விம்பிள்டன் போகும்வரைக்கும் அக்கா என்ர முழங்கையை விடேல்லை. அண்டர்கிரவுண்ட் ரெயின் சுரங்கத்துக்குள்ள போனாப் பிறகு பிடியை விட்டிட்டு, மற்ற ஆக்களின்ர சப்பாத்துகளைப் பாத்துக்கொண்டு வந்தா. மீன் அறைக்குள்ள வந்தாப் பிறகு ஆளே வேற மாதிரி. யன்னல் இல்லை, மங்கின வெளிச்சம், தண்ணி ஓடுற சத்தம். ஒவ்வொரு தொட்டியாப் போய்க் குனிஞ்சு பாத்தா. வந்து இவ்வளவு காலத்தில அக்காவின்ர முகம் இளகி நான் அண்டைக்குத்தான் கண்டன். எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு.

டாக்டர் பிள்ளை வந்தவைக்கெல்லாம் சோதினையைக் காட்டச் சொன்னா. நான் அஞ்சு மீனைப் புதுத் தொட்டியில விட்டிட்டு மணிக்கூட்டை அமத்தினன். அஞ்சும் அடிக்குப் போய் ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கொண்டு நிண்டுதுகள். கொஞ்ச நேரத்தில ஒண்டு மட்டும் பிரிஞ்சு, நிண்டு, இன்னும் கொஞ்சம் ஏறி, கோட்டைத் தாண்டி மேல வந்திட்டுது. மற்றது நாலும் கீழ.

நான் பெருமையா அக்காவுக்குத் தமிழில சொன்னன். "பாத்தியளே, இவதான் கெட்டிக்காரி. பயம் தெளிஞ்சிட்டுது. முதல் மேல வாறதுக்குத்தான் நாங்கள் நல்ல புள்ளி போடுறனாங்கள்."

அவவுக்குப் படிப்பிச்சுக் குடுக்கிறன் எண்டு நினைச்சன். பாருங்கோ, மீனே ஏறுது, உங்களுக்கு ஏலாதோ எண்டு.

அக்கா அந்த மீனை விட்டுக் கண்ணை எடுக்கேல்லை. "சத்தம் நிண்டிட்டுதெண்டு நினைச்சிட்டுது," எண்டா.

பிறகு, ஆரையும் பாக்காமல், கண்ணாடியைப் பாத்துக்கொண்டே சொன்னா. "என்ர பிள்ளையும் முதல் ஏறினது. அடுப்பில கஞ்சிப் பானை. கொஞ்ச நேரமா ஒரு சத்தமும் இல்லை. அம்மா, நிண்டிட்டுது, பானையைப் பாத்திட்டு வாறன் எண்டுது. நான்தான் போ எண்டனான். பசி. உன்ர சாறி மூட்டையில கால் வைச்சு ஏறினது. நான் கீழ நிண்டு காலைத்தான் பாத்துக்கொண்டு இருந்தன். அடுத்தது அப்பத்தான் விழுந்தது."

டாக்டர் பிள்ளை கிட்ட வந்து, உங்கட அக்காவுக்கு மீன் பிடிச்சிருக்கோ எண்டு இங்கிலிசில கேட்டா. ஓம், நல்லாப் பிடிச்சிருக்கு எண்டன். என்ர கையில மணிக்கூடு ஓடிக்கொண்டே இருந்தது. நான் அதை நிப்பாட்ட மறந்திட்டன். அண்டைக்குத் தாளில ஒண்டும் எழுதேல்லை.

திரும்பி வரேக்க ரெயினில இருந்து கணக்குப் பாத்தன். எத்தினை வருசம், எத்தினை ஆயிரம் தரம், மேல வந்த மீனுக்கு நல்லம் எண்டு நான் எழுதியிருப்பன். ஒருக்காலும் எனக்கு ஒரு கேள்வி வரேல்லை. அது வெறும் தண்ணி எண்டு எனக்குத் தெரியும், மேல ஒண்டும் இல்லை எண்டு எனக்குத் தெரியும். மீனுக்கு ஆர் சொன்னது? அக்காவை அந்த வெள்ளை அறைக்கு ஏறுங்கோ, ஏறுங்கோ எண்டு மாதக்கணக்கா அரிச்சிருக்கிறன். அவவுக்கு அது என்னவாக் கேட்டிருக்கும் எண்டு நினைக்க நினைக்க எனக்கு என்னிலயே வெறுப்பு வந்தது. வீட்டை வந்து மனுசனிட்ட அரிசி மூட்டையைத் திருப்பிக் கீழ கொண்டுவந்து வையுங்கோ எண்டன். அவர் போய்த் தூக்கிக்கொண்டு வந்தார். படிக்குக் கீழ மெல்லிசா ஒரு மெத்தை போட்டன். கதவுக்கு வெளியால, நடையில, எனக்கு ஒரு கதிரை வைச்சன். வேலையால வந்தால் அதில இருந்து மரக்கறி வெட்டுவன். கண்ணாடிக்கு அங்கால இன்னொரு மீன் நிண்டால் நல்லம், மீனிட்ட நான் படிச்சது அது ஒண்டுதான். மேல வாங்கோ எண்டு பிறகு ஒருநாளும் சொல்லேல்லை. எண்டாலும் ஆசை போகேல்லை. ஒவ்வொரு நாளும் திறப்பைப் போட்டுக் கதவைத் திறக்கேக்க, இண்டைக்கு வெளியில நிப்பாவோ எண்டுதான் மனம் கிடந்து அடிக்கும்.

கார்த்திகை பிறக்க முந்தியே இஞ்ச வாணம் விடத் தொடங்கிவிடுவாங்கள். தீபாவளியும் வெள்ளைக்காரரின்ர நெருப்புத் திருநாளும் கிட்டக் கிட்ட வரும். அண்டைக்கு அஞ்சு மணி இருக்கும், ஆனாலும் இருட்டிப் போச்சு. மனுசன் வேலையில. நான் குசினியில சோத்துக்கு உலை வைச்சுக்கொண்டு நிக்கிறன். பின் தெருவில படார் எண்டு முதலாவது வெடிச்சது. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பிறகு ஒண்டுக்கு மேல ஒண்டு.

நான் அக்காவிட்ட ஓடுவம் எண்டு திரும்பிறன், அக்கா குசினி வாசலில நிக்கிறா. படிக்குக் கீழ இருந்து எழும்பி என்னட்ட வந்திருக்கிறா. நேர வந்து முதல் அடுப்பை நிப்பாட்டினா. பிறகு என்ர மணிக்கட்டைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போய் அந்த அறைக்குள்ள இருத்தி, கதவைச் சாத்தினா. "அக்கா, இது வாணம், சின்னப் பிள்ளையள் விடுகிறது," எண்டு சொல்ல வாயெடுத்தன். சொல்லேல்லை. வெடிக்கிற ஒவ்வொரு தரமும் அவவின்ர விரல் என்ர கையில இறுகுது. இரண்டு பேரும் அரிசி மூட்டையில சாய்ஞ்சு, என்ர பழஞ்சாறிக்கு மேல இருந்தம். அது வாணம்தான் எண்டு எனக்குத் தெரியும். அப்பிடித் தெரிஞ்சும் எனக்கு உடம்பு நடுங்கத் தொடங்கிட்டுது. ஆரின்ர நடுக்கம் ஆரில இருந்து வந்தது எண்டு அந்த இருட்டுக்குள்ள பிரிச்சுப் பாக்க ஏலாமல் கிடந்தது.

கனநேரத்துக்குப் பிறகு சத்தம் ஓய்ஞ்சுது. நான் கேட்டுக்கொண்டு இருந்தன். ஒண்டும் இல்லை.

"நிண்டிட்டுது அக்கா," எண்டு நான் எழும்பினன். "சோத்தைப் பாத்திட்டு வாறன்."

சொன்னாப் பிறகுதான் என்ன சொன்னனான் எண்டு எனக்கே விளங்கினது. நாக்கைக் கடிச்சன். அக்கா என்ர கையை விடேல்லை. இழுத்துத் திருப்பி இருத்தினா.

"இரு," எண்டா. "நீ முதல் ஏறாதை."

இருந்தன். எவ்வளவு நேரம் எண்டு தெரியாது. நான் மணிக்கூடு பாக்கேல்லை. அவவின்ர மூச்சு மட்டும் கேட்டுது. பிறகு அக்கா என்ர கையை எடுத்து என்ர மடியிலயே வைச்சா, ஒரு சாமானைப் பத்திரப்படுத்திற மாதிரி.

"நான் பாத்திட்டு வாறன்," எண்டா.

கதவைத் திறந்துகொண்டு தவழ்ந்து வெளியால போனா. நடையில எழும்பி நிண்டா. லைற்றைப் போட்டா. எனக்கு அவவின்ர கால் மட்டும்தான் தெரிஞ்சுது. அது மெல்ல மெல்ல முன்கதவுப் பக்கம் போனது. கதவுச் சங்கிலி கழட்டுற சத்தம் கேட்டுது. குளிர் காத்தோட வெடிமருந்து மணமும் உள்ள வந்தது. தலையை நீட்டிப் பாத்தன். அக்கா வாசல் படியில, வெறுங்காலோட, திறந்த வானத்துக்குக் கீழ அண்ணாந்து பாத்துக்கொண்டு நிக்கிறா. ஒரு கையைப் பின்னுக்கு நீட்டி, இன்னும் வராதை எண்டு எனக்குக் காட்டிக்கொண்டு நிக்கிறா.

பிறகு அந்தக் கை இறங்கினது.

"இனி வா, பிள்ளை," எண்டா.